ஆவி பிடித்துவிட்டுக் கொடுத்த பிசிஆர்

கொரோனாக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறி எனக்குப் பின் சீற்றில் அமர்ந்த மாமியின் குரலை முகக்கவசத்தாலும் அடக்க முடியவில்லை. கூட வந்தவள் அவருடைய அண்ணன் மகள். ஆய்வுகூடத்தில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“மகளுக்குப் பிள்ளை பிறக்க முன்னம் கனடா போய்ச் சேரோணும். பிளேனில ஏத்த நெகட்டிவ் வேணுமாம். அதுதான் பிசிஆர் குடுக்க முதல் நல்லா ஆவி பிடிச்சனான். கொத்தமல்லியும் கொதிக்கக் கொதிக்கக் குடிச்சனான். கிருமி இருந்தாலும் அவிஞ்சுபோயிருக்கும்.”

“ஐயோ மாமி, அந்த டெஸ்டே கொதியிலதான் நடக்குது. மெஷினுக்குள்ள நாங்கள் திரும்பத் திரும்பச் சூடாக்கிறம்.”

“அப்ப எல்லாம் அவிஞ்சுபோகாதே?”

“நாங்கள் அதில போடுற என்சைம், அதுதான் நொதியம், வேற எண்டா அவிஞ்சுபோகும். இது வெந்நீர் ஊற்றில வாழுற பக்டீரியாவில கண்டுபிடிச்ச நொதியம். அந்தச் சூட்டிலயும் தன்ர வேலையைச் செய்யும். கிருமியின்ர ஒரு துண்டு கிடைச்சாலே போதும், அதைக் கோடிக்கணக்கில பிரதி எடுத்துக் காட்டிக்குடுத்திடும். செத்த கிருமியும் தப்பாது.”

கொள்ளுப்பிட்டியில் மாமியின் ஃபோன் அடித்தது.

“நெகட்டிவாம்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“பாத்தீங்களே மாமி, உங்களுக்குக் கிருமியே இருக்கேல்லை.”

“இருக்கேல்லையோ? உங்கட வெந்நீர்ப் பக்டீரியாவுக்கே ஒரு துண்டும் அம்பிடேல்லை. அவ்வளவு வடிவா ஆவி பிடிச்சிருக்கிறன்!”