வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை

ஹலோ... ஹலோ? எலி? ... நான்தான். ... நான்தான்மா, அண்ணன். ... ஐயோ, வச்சிடாதே, வச்சிடாதே! ஒரே ஒரு நிமிஷம். சண்டை போடக் கூப்பிடலே. ஒரு சின்ன... எப்படிச் சொல்றது... மாட்டிக்கிட்டேன்.

... இல்லே, இல்லே, உடம்புக்கு ஒண்ணும் இல்லே. ... லஞ்சமா? என்னைப் பார்த்தா அப்படிக் கேக்கறே? அடி போடி. கதவுல மாட்டிக்கிட்டேன். மொட்டை மாடிக் கதவு.

... ஆமா. ... ஆமா, ஆமா. உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி புதுசா ஏழு மாடி கட்டுறாங்களே, அதேதான். சட்டப்படி கட்டியிருக்காங்களான்னு பார்க்க வந்தேன். ... நகராட்சியில அனுப்பினா வரணும்ல? உன் தெருப் பக்கமே தலை காட்டக் கூடாதுன்னா நான் வேலையைத்தான் விடணும்.

... சொல்றேன், சிரிக்கக் கூடாது. இந்த மாதிரிக் கதவு தானா சாத்திக்கணும். தீப்பிடிச்சா புகை பரவாம இருக்க. அதைப் பார்க்கறப்போ இடுக்கில ஒரு செங்கல் வச்சுக்குவேன். கடைசியில உள்ளே ஒருத்தரை நிக்க வச்சுட்டுத்தான் செங்கல்லை எடுப்பேன். இன்னிக்கு என்கூட யாரும் வரலே. என்ன ஆயிடப் போகுதுன்னு காலால தள்ளிட்டேன். கதவு அழகா, மெதுவா, சத்தமே இல்லாம சாத்திக்கிச்சு. ‘பாஸ்’னு எழுதினேன். எழுதிட்டு நிமிர்ந்து பார்த்தா, வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லே.

... சிரி, சிரி. நல்லா சிரி. ... அதுக்கு ‘ஃபெயில்’னு எழுதிட்டேன். பேனா என்கிட்டதானே இருக்கு!

... பில்டருக்கு அடிக்காம இருப்பேனா? படியெல்லாம் ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டை, இடிச்சுக் கட்டணும்னு காலையில சொன்னேன். அப்போ போனை அணைச்ச ஆள்தான். ... ஆபீஸ்லயா? சனிக்கிழமை சாயந்தரம் யார் இருக்கா? டீ குடிக்கப் போன வாட்ச்மேனைக் காணோம். கத்திப் பார்த்தேன், ஒரு காக்காகூடத் திரும்பலே. ... தீயணைப்புக்காரங்களா? அவங்ககூட எத்தனை மீட்டிங்ல உட்கார்ந்து கதவைப் பத்திப் பேசியிருக்கேன். ஏணி வச்சு என்னை இறக்கினா, திங்கட்கிழமை எந்த மூஞ்சியோட ஆபீஸ் போவேன்?

... வேற யாரு? என் போன்ல இருக்கிற அத்தனை நம்பரும் பில்டர், இன்ஜினியர், மேஸ்திரி. என் பேரைப் பார்த்தாலே எடுக்க மாட்டாங்க. ... அப்புறம்... வீட்டு நம்பருக்கு அடிச்சேன். ... ஆமா, என் வீட்டுக்கேதான். பழக்க தோஷம். நல்லா மணி அடிச்சுது. ரொம்ப நேரம் அடிச்ச பிறகுதான் உறைச்சுது, எடுக்கிறதுக்கு உன் அண்ணி இல்லேன்னு.

... ம். ... ம்ம். ... ஒண்ணரை வருஷம் ஆச்சு. ... தெரியும், நீ வந்தே. அவ மூஞ்சியைப் பார்த்து அழுதே. என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டே.

... சரி. ... சரிம்மா, கத்து. கத்தி முடி. ... ஆமா, உன் புது வீட்டுக்கு நான்தான் கையெழுத்துப் போடலே. ... ஆமா, வயித்தைத் தூக்கிக்கிட்டு வாடகை வீட்டுல மூணு மாடி ஏறினே. சாமானெல்லாம் மூட்டை கட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. ... அடுத்தவனுக்கா? அடுத்தவனுக்கும் போட மாட்டேன்! பால்கனிக் கம்பிக்கு நடுவுல என் ரப்பர் பந்து போச்சு, எலி. பந்து போனா குழந்தை தலை போகும். அதுக்குத்தானே அந்தப் பந்தையே சுமந்துக்கிட்டுத் திரியறேன். ... வந்தாரு, வேற இன்ஸ்பெக்டர் வந்தாரு, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக் கொடுத்துட்டாரு. தெரியும்.

... இல்லே, நான் கையெழுத்துப் போடாதது தப்புன்னு சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். ஆனா... குடி போகக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினேன் பாரு, அது தப்பு. உன்கிட்ட வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுச் சொல்லியிருக்கணும். தங்கச்சி வீட்டுக் கதவுல, நாலு மூலைக்கும் பசை தடவி ஒட்டிட்டுப் போனேன். ... ம். நாலு வருஷமா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.

... அது யாரு, பக்கத்துல? ... குட்டியா? ... கொடேன். ஒரே ஒரு வார்த்தை.

ஹலோ... ஹலோ, குட்டிம்மா. ... நான் மாமா. ... எந்த மாமாவா? ... பந்து வச்சிருக்கிற மாமா. ... சிவப்பு. ... ஏன், பெரியவங்க பந்து வச்சிருக்கக் கூடாதா? ... உன்கிட்டயும் இருக்கா? பால்கனியில விளையாடுவியா? கம்பி வழியா கீழே விழுந்துடாதா? ... விழாதா? ... ஐயையோ, தலையை விட்டுப் பார்த்தியா! ... போகலையா? ... போகலே. ... இல்லடா செல்லம், மாமா அழலே. இங்கே காத்து ஜாஸ்தி. அம்மாகிட்டக் கொடு.

... கம்பியை எப்போ மாத்தினீங்க? ... தவழ ஆரம்பிச்சப்பவா? ... மாப்பிள்ளையா? அவரே பந்தை விட்டுப் பார்த்தாரா! ... என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. ... ஆமா. நானும் கேட்டிருக்கலாம்.

... வர்றியா? நிஜமா? ... குழந்தையை மேலே தூக்கிட்டு வராதே, படி சரியில்லே. மாப்பிள்ளைகிட்ட விட்டுட்டு... அவரும் வர்றாரா? சரி, சரி, அப்போ அவங்க கீழே நிக்கட்டும். ... வச்சிடாதே எலி. பேச வேணாம். சும்மா காதுல வச்சுக்கிட்டே வா.

இங்கேருந்து உன் வீட்டு நீலத் தொட்டி தெரியுது. ஒரு மணி நேரமா அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். ... கூப்பிட்டா எடுப்பியோ மாட்டியோன்னுதான்.

... ஆ, தெரியுது, தெரியுது! அவர் தோள் மேல குட்டி. கையை ஆட்டுறேன், பாரு. ... அங்கே இல்லே, அது பக்கத்து வீட்டு ஆன்டெனா. இந்தப் பக்கம்! ... அதேதான். ... ஒரு நிமிஷம், இரு.

(போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு)

பெரியவரே, நில்லுங்க, நில்லுங்க! ... டீக்கு இவ்வளவு நேரமா? சரி, அது போகட்டும். கதவைத் திரும்பச் சாத்துங்க. ... ஆமா, நான் வெளியேதான் இருக்கேன். புத்தியெல்லாம் சரியாத்தான் இருக்கு. என் தங்கச்சி வர்றா. நாலு வருஷம் கழிச்சு என்னைப் பார்க்க வர்றா. அவ வந்துதான் திறக்கணும். ... நீங்க எதையும் பார்க்கலே. கீழே போய் படிக்கு விளக்கு மட்டும் போட்டுடுங்க. ... சாத்துங்கய்யா, சீக்கிரம்.

ஹலோ... இருக்கேன், இருக்கேன். ... சத்தமா? காத்துதான். ... கதவா? சாத்தித்தான்மா இருக்கு. நான் என்னிக்குப் பொய் சொல்லியிருக்கேன்? ... உள்ளே வந்துட்டியா? போனை வச்சுட்டு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஏறு. நான் எங்கே போயிடப் போறேன்?