கீழ் வீட்டுக் கோறா

— தலையிடி எண்டால் பனடோல் ரெண்டு போடும் மெற்றில்டா. போட்டிட்டுச் சீலையைக் கட்டும்.

— போட்டனான். கேக்கேல்லை. நீங்கள் தனியப் போயிட்டு வாங்கோ.

— காலமை லூயிஷாம் சந்தையில மீன்காரனோட மல்லுக்கட்டேக்க இந்தத் தலையிடி எங்க போனது?

— அப்ப... வரேல்லை.

— ம்ம். பகாரி தன்ர கச்சேரிக்கு எங்களுக்கெண்டு முன் வரிசையில ரெண்டு சீற் பிடிச்சு வைச்சிருக்கிறார். எட்டு வருசமாக் கீழ் வீட்டில இருக்கிற மனுசன்.

— ஒம்பது. எண்பத்து நாலில வந்தவர்.

— பாரும், கணக்கு மட்டும் சரியாத் தெரியுது! அந்தக் கோறா வாத்தியத்தைக் காவிக்கொண்டு படியேறி வரேக்க நீர் என்ன கேட்டனீர்?

— ஏன், இவ்வளவு பெரிய சுரைக்காயோ எண்டு...

— பாதிச் சுரைக்காயில மாட்டுத்தோல், அதுக்கு இருபத்தொரு நரம்பு. நரம்பெண்டு கிட்டப் போய்ப் பாத்தால், எங்கட மன்னார்த் தங்கூசி!

— தூண்டில் நூலில சங்கீதம் வாசிக்கிற ஆளை அப்பதான் கண்டனான்.

— அவையின்ர நாட்டில பரம்பரையா அரசருக்குப் பாடின குடும்பம். இஞ்ச வந்து சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவி, ரயிலடிச் சுரங்கத்தில நிண்டு வாசிச்சு, கசெற் போட்டு, ரேடியோவில வந்து... இண்டைக்குத் தேம்ஸ் கரையில பெரிய மண்டபம். நீர் வராட்டி மனுசன் உடைஞ்சு போவார்.

— அவ்வளவு சனத்துக்க நான் வராதது ஆருக்குத் தெரியும்?

— தெரியும். அவையின்ர முறை ஒண்டு இருக்கெல்லே. பாட்டில ஒரு ஆளின்ர பேரைச் சொல்லி, அப்பன், பாட்டன் எண்டு அடுக்கிக்கொண்டு போவினம். பேருக்குரிய ஆள் எழும்பி மேடையடிக்குப் போகவேணும்.

— ஓம், அதுக்கென்ன?

— இண்டைக்கு மெற்றில்டா, தகப்பன் செபமாலைமுத்து, பாட்டன் சந்தியாப்பிள்ளை...

— ஐயோ! ஆர் பேர் குடுத்தது?

— கேட்டார், குடுத்தனான்.

— உங்களுக்கென்ன விசரே! நான் எப்பிடி அந்த மனுசனுக்கு முன்னால...

— ஏன்? நீர் அழகாத்தானே எழும்புவீர்... மெற்றில்டா? அழுறீரே?

— நான் செய்தது உங்களுக்குத் தெரியாது.

— சொன்னால்தானே தெரியும்.

— எண்பத்தஞ்சில... ஆஸ்பத்திரியில நைட் ஷிப்ட். காலமை வந்து கண்ணை மூடினால் கீழ டிங்கு டிங்கு. தாங்கேலாமல்... சத்தம் தாங்கேலாது எண்டு கவுன்சிலுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிப் போட்டனான்.

— ஓ.

— சிரிக்கிறியளே?

— சீ, இல்லை. நீர் சொல்லும்.

— ஒரு மாதத்தால சத்தம் அப்பிடியே இறங்கிட்டுது. பாவம், பயந்துபோய், மெல்ல மெல்லத் தடவித்தானே வாசிச்சவர். அண்டையில இருந்து அது கேக்கிற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு குத்தும்.

— நெஞ்சு குத்தினது தெரியாது. நீர் குறட்டை விட்டது தெரியும்.

— பகிடி விடாதேங்கோ எட்வேட்!

— சரி, சரி. ஆனா பேப்பரில என்ன எழுதினவை? இவ்வளவு மெல்லமாக் கோறா வாசிக்கிற கை வேற இல்லை எண்டெல்லே. அந்தக் கையாலதான் பகாரி இண்டைக்குப் பகாரி.

— அது பயத்தில வந்த கை. பயப்பிடுத்தினது நான். என்ர பேரைச் சொல்லிப் பாட, நான் எந்த முகத்தோட எழும்புறது?

— மெற்றில்டா, கவுன்சில் தனக்கு அனுப்பின கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பகாரி ஆரிட்ட வந்தவர் எண்டு நினைக்கிறீர்? இங்கிலீசு நல்லாக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது.

— மாதாவே... உங்களிட்டயோ?

— பேர் இருக்கேல்லை. மேல் வீட்டில நைட் ஷிப்ட் செய்யிற ஒரு நேர்ஸ் முறைப்பாடு எண்டு இருந்தது. இந்தக் கட்டிடத்தில வேற ஆர் நேர்ஸ்?

— எட்டு வருசமாத் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்! அவருக்கு அப்பிடியே வாசிச்சுக் காட்டினியளோ?

— வாசிச்சனான்... கொஞ்சம் மாத்தி.

— என்னெண்டு மாத்தி?

— மேல் வீட்டு மெற்றில்டாவுக்கு உம்மட வாசிப்புக் கேட்டால்தான் நித்திரை வருதாம், இன்னும் மெல்லமா வாசிச்சால் நல்லா உறங்குவாவாம் எண்டு. மனுசன் பயந்து வாசிக்கேல்லையப்பா. எட்டு வருசமா உம்மைத் தாலாட்டினவர்.