கம்ப்யூட்டர் ஏற்காத ஒரு பெயர்

மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் சங்கத்தின் மூத்தவர்களே, பட்டறைகளை மூடிவிட்டு வந்திருக்கும் கண்ணாடித் தொழில் முதலாளிகளே, அந்தப் பட்டறைகளில் உழைக்கும் தோழர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் சுந்தரராமனின் துயரம் நிறைந்த வணக்கம். சங்கத் தலைவன் என்ற முறையில் இதே தி. நகர் மண்டபத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வலது பக்கம் திரும்பினால் நம் செயலாளர் குலாம் ரசூல் பாய் இருப்பார். என் பேச்சு நீண்டால் மேஜைக்கடியில் சட்டை நுனியைப் பிடித்து இழுப்பார். இன்று யார் இழுப்பார்கள்? இன்று நான் விடிய விடியப் பேசினாலும் நிறுத்தச் சொல்ல ஆளில்லையே!

படமும் மாலையும் வேண்டாம் என்று அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அதனால் பாய் கடைசியாகத் தொட்ட கண்ணாடியை இங்கே நிறுத்தியிருக்கிறோம். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுப் பூஜை அறைக் கதவுக்குச் செய்தது. ஒரு பாதியில் மல்லிகைக் கொடி பூத்திருக்கிறது. மறு பாதியில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. அந்தத் தாளில் பூவை வெட்டி எடுத்துவிட்டு, காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சினால், வெட்டிய இடம் மட்டும் பனிபோல் வெளுக்கும். அதைத்தான் கலை என்று விற்றோம். பீச்சிய மணல் எங்கே போகிறது என்று நம்மில் யார் கேட்டோம்?

கேட்டவர் பாய்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். பட்டறையில் ஒருவருக்கு அடிபட்டாலும், தொழிலால் நோய் வந்தாலும், தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? காகிதம் தபாலில் தொலைந்தது. தேதி மாறியது. பல நேரம் எழுதவே இல்லை. சங்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கியதும் பாய் எழுந்து சொன்னார்: "இனிமே மறுநாளே மெஷின்ல ஏத்தி, டெலிபோன் லைன்லயே ஆபீசுக்கு அனுப்பிடலாம். ஒளிக்கவும் முடியாது, தொலைக்கவும் முடியாது."

மண்டபம் கொதித்தது! "பாய், நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?" என்று கத்தினார்கள். பாய் அசரவில்லை. "நைனா, அடிபட்டது அவன் வூட்டுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும். ஆபீசருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னா இன்னா ஞாயம்?" என்றார். ஆய்வாளர் அலுவலகமும் சோதனையாக ஒப்புக்கொண்டது; இனி காகிதம் வேண்டாம், மெஷினில் வருவதை மட்டும் எடுப்போம் என்றது.

அதோடு விட்டாரா? விடவில்லை. தொழிலாளிக்கு அடிபட்டால், "அது என் கைதான்" என்று தன் பெயரைக் கொடுத்து, நஷ்டஈடு தராமல் தப்பிக்கும் முதலாளிகளும் நம்மிடையே உண்டு. அதனால் நம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீரஞ்சனியிடம் ஒரு பூட்டுப் போடச் சொன்னார். முதலாளி பெயரும் பாதிக்கப்பட்டவர் பெயரும் ஒன்றாக இருந்தால் மெஷின் ஏற்கக் கூடாது. அந்தப் பெண்ணும் அப்படியே செய்தாள்.

முதல் அறிக்கை யாருடையது தெரியுமா? அவர் பட்டறையுடையதுதான். அங்கே வேலை செய்யும் இனாயத்தின் காலில் கண்ணாடி சரிந்து விழுந்தது. ஆய்வாளர் வந்து எல்லோர் முன்னாலும் பாயைத் திட்டித் தீர்த்தார், கண்ணாடி சாயாமல் இருக்க இரும்பு ஸ்டாண்டு போடச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. பாய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சிரித்தார்: "திட்டு எனக்கு, ஸ்டாண்டு இனாயத்துக்கு. நல்லாத்தான கீது மாமா?"

பிறகு அந்த இருமல் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்த முதலாளியா அவர்? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆட்களோடு ஆளாக மணல் அறைக்குள் நின்றவர். நுரையீரலில் மணல் தூசி படிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, எக்ஸ்ரே உறையோடு நேரே சங்கத்துக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். "ஸ்ரீரஞ்சனிம்மா, ஏத்து" என்றார். அவள் அழுதுகொண்டே தட்டினாள். முதலாளி: குலாம் ரசூல். பாதிக்கப்பட்டவர்: குலாம் ரசூல். மெஷின் ஏற்கவில்லை.

பாய் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் எப்படி மறப்பேன்! "இன்னாம்மா இது, நான் வேலையே செய்யலைன்னுதா?" என்றார்.

"பூட்டை எடுத்துடறேன் சார்" என்றாள் அவள். பாய் தடுத்தார்: "எடுக்காதே. நாளைக்கே அத்தினி பேரும் தன் பேரைப் போட்டு ஒளிப்பான்." "வேற யார் பேராவது போடட்டுமா?" "பொய் எழுதவா இந்த மெஷினை வாங்கினோம்?"

நான் வெடித்துவிட்டேன். "உங்க பேர் போனா என்ன, போகாட்டா என்ன பாய்? போய் உடம்பைப் பாருங்கோ!" என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "என் பேரு போனாத்தான் ஆபீசர் வருவாரு மாமா. வந்தாத்தான் என்கூட நின்னவங்களைச் சோதிப்பாங்க. இனாயத்து இருமிக்கினே கீறான். எக்ஸ்ரே படம் எடுக்கலாம் வாடான்னா, வேலை போயிடும்னு ஓடுறான். ஆர்டர் வந்தா எல்லாரும் போயித்தானே ஆவணும்?" தன் மணல் அறையை அன்றே பூட்டினார். உங்கள் அறைகளைப் பூட்ட அவரால் முடியவில்லை. பூட்டை எடுக்கலாம் என்று நானும், கூடாது என்று அவரும் போட்ட சண்டை முடிவதற்குள் அவர் மூச்சு முடிந்துவிட்டது. எப்படிப்பட்ட பிடிவாதம் பாய் உங்களுடையது! என்னால் தாங்க முடியவில்லையே!

பாயின் மனைவி நஸ்ருன்னிசா அம்மையார் இத்தாவில் இருக்கிறார். கணவரை இழந்த துக்க காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். ஸ்ரீரஞ்சனி திருவான்மியூர் போய் அவரைப் பார்த்தாள். பாயின் பெயர் ஏறாமலே போனதைச் சொல்லி அழுதாள். அம்மையார் கேட்டிருக்கிறார்:

"இப்ப பட்டறை யாருதும்மா?"

"உங்களுதுதாம்மா."

"அப்ப முதலாளின்ற எடத்துல என் பேரைப் போடு. நோவு வந்தவருன்ற எடத்துல அவரு பேரைப் போடு. இதுல பொய் ஒண்ணும் இல்லியே?"

இன்று காலை சங்க அலுவலகத்தில் ஸ்ரீரஞ்சனி தட்டினாள். நான் பின்னால் நின்றேன். முதலாளி: நஸ்ருன்னிசா. பாதிக்கப்பட்டவர்: குலாம் ரசூல். மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டெலிபோன் லைன் கொஞ்சம் கீச்சிட்டது. அறிக்கை போய்விட்டது. மதியமே ஆய்வாளர் கூப்பிட்டார். திங்கட்கிழமை வருகிறார், அந்த மணல் அறையில் நின்ற ஒவ்வொருவரையும் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்.

இனாயத், இரண்டாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, நிமிர்ந்து பாருங்கள். உங்கள் வேலை போகாது. இது தலைவன் என்ற முறையில் நான் கொடுக்கும் வாக்கு. முதலாளிகளே, உங்களைக் கேட்கிறேன். அடுத்த வருடம் இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பேசிக்கொள்கிறீர்கள். நிற்கட்டும், ஓடட்டும்! உங்கள் ஆள் இருமினால் மறுநாள் சங்கத்துக்கு வந்து நிற்பீர்களா? பரிசோதனை முடியும்வரை மணல் அறைகளைப் பூட்டுவீர்களா? வாயால் சொல்ல வேண்டாம். சாவியை இந்தக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போங்கள். பாதிக் கொடியோடு அது இங்கேயே நிற்கும். இதை முடிக்க இனி ஒருவரும் மணலுக்குள் நிற்கப் போவதில்லை.

பாய், அன்றைக்கு மெஷினைப் பார்த்து, "நான் வேலையே செய்யலைன்னுதா?" என்று கேட்டீர்கள். இன்று காலை மெஷின் ஒப்புக்கொண்டுவிட்டது. நீங்கள் வேலை செய்தவர்தான், பாய்.