நளீரின் இடது காது

மனிதர்களின் காதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கண்ணைப் பார்ப்பார்கள், மூக்கைப் பார்ப்பார்கள். நான் பதினொரு வருடமாகக் கண்டியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் வேலை பார்க்கிறேன். அவர் அறுவை செய்யும்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுப்பவன் நான். என் இடம் தலைமாட்டில். அங்கே நின்றால் காதுகள்தான் நன்றாகத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருடம் என் மகன் பாரூக் பிறந்த அன்றும் நான் முதலில் பார்த்தது அவன் காதுகளைத்தான். இரண்டும் தலையை விட்டு விலகி, திறந்துவைத்த ஜன்னல் கதவுகள்போல் நின்றன.

என் காதுகளைப் பாருங்கள். தலையோடு ஒட்டியவை. என் மனைவி ரபீகாவின் காதுகளும் அப்படித்தான். மடவளையில் எங்கள் தெருவில் விரிந்த காதுக்காரன் ஒருவன்தான் இருந்தான். பொட்டணி வியாபாரி நளீர். துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்பவன். திங்கட்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். அந்த நேரம் நான் கண்டியில் இருப்பேன்.

நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும், இன்று யார் வந்தார்கள் என்று மட்டும் ரபீகாவிடம் கேட்பேன். நளீர் என்று ஒளிக்காமல் சொல்வாள். அவ்வளவு துணிச்சல்.

பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காதுகளை எண்ணெய் தொட்டு நீவி, மெல்லிய துணியால் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவாள். பிள்ளை பெற்ற எல்லா வீடுகளிலும் அப்படிக் கட்டுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவள் கட்டியதில் ஓர் அவசரம் இருந்தது. நான் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுவேன்.

"காது படியட்டுமே. என்னத்துக்கு அவுக்கிறீங்க?" என்பாள்.

படியக்கூடாது என்றுதான் அவிழ்க்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் நளீர் என்னிடமே வந்தான். என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான். "நானா, ஒங்கட தொர காதப் படிய வெச்சுத் தைக்கிறாராமே. கெலிஓயாவுல எனக்குப் பொண்ணு பேசியிருக்கு. அந்தப் புள்ள என்னப் பாத்துட்டு, ரெண்டு பக்கமும் புடி வெச்ச சட்டி எண்டு சொல்லிச் சிரிச்சாவாம். பெரிய வெக்கமாப் போச்சு" என்றான்.

நானும் சிரித்தேன். இருபத்தெட்டு வருடம் அந்தக் காதுகளோடு ஊர் முழுக்கச் சுற்றியவனுக்கு அதுவரை வெட்கம் வரவில்லை. என் மகன் நடக்கத் தொடங்கி, தெருவில் நாலு பேர் கண்ணில் படும்போதுதான் வந்தது. கல்யாணம் நல்ல சாக்கு. சாட்சியை அழிக்கப் பார்க்கிறான் என்று எனக்கு விளங்கியது. துரையிடம் நானே அவனை அழைத்துப் போனேன்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். துரை வலது காதின் பின்னால் தோலைப் பிறை வடிவில் வெட்டி எடுத்து, குருத்தெலும்பை மடித்துத் தைத்தார். அழகான வேலை. நான் நளீரின் முகத்தின் மேல் இருந்த துணியில் குளோரோபோமைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். மூச்சையும் நாடியையும் கவனிப்பது என் பொறுப்பு. அதில் துரை என் வாய்ச்சொல்லைத்தான் நம்புவார். வலது காது முடிந்து, தலையை மறுபக்கம் திருப்பி வைத்தேன். இடது காது என் கண் முன்னால் நின்றது. இதுவும் படிந்துவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? அதையாவது காப்பாற்ற நினைத்தேன். சொட்டுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

துரை கை கழுவிக்கொண்டே, நாடி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அது நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

இருதயம் பலவீனம் என்று மரண விசாரணையில் எழுதினார்கள். மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரு காது படிந்திருந்தது, ஒரு காது நின்றது. கபன் துணியால் முகத்தை மூடும் முன் அவன் உம்மா அந்தக் காதைத் தடவித் தடவி அழுதா. எனக்கும் அழுகை வந்தது. நளீரை எனக்குப் பிடிக்கும், ஐயா. நல்ல பையன்.

மூன்றாம் நாள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட என் மூத்த சகோதரி ஸுலைஹா ராத்தா வந்தா. பாரூக்கை அன்றுதான் முதன்முதலில் பார்த்தா. தூக்கியதும் சிரித்தா.

"ஒன்ட காது அப்பிடியே வந்திருக்கேடா தம்பி. ஒனக்கும் இப்பிடித்தான் விரிஞ்சு நிண்ட. உம்மா ஒரு வருஷம் துணியக் கட்டிக் கட்டித்தான் படிய வெச்சா. நான் பக்கத்துல இருந்து பாத்த."

ரபீகா கையிலிருந்த சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நளீர்ட தலமாட்டுல நிண்டது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் உள்ள தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாரூக் அவள் தோளில் இருந்தபடி என்னிடம் கையை நீட்டினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் வந்து சொல்வதற்கு முன் நானே சொல்வது மரியாதை என்று வந்தேன். நளீரைக் கொன்றது நான். துரைமேல் ஒரு குற்றமும் இல்லை. ஸெய்னுலாப்தீன் என்று என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் விசாரிக்க வேண்டும். இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத ராத்தா, சரியாக அந்த மூன்றாம் நாள் இந்தக் காதுக் கதையோடு ஏன் வந்தா? வரச்சொல்லிக் கடிதம் வந்தது என்கிறா. என் வீட்டில் என்னைத் தவிர எழுதத் தெரிந்தவள் ரபீகா ஒருத்திதான்.