ஆர்சனிக் பரிசோதனையில் எறா சம்பல்

பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் பெர்ரியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவரின் குரல் கடல் காற்றையும் மீறிக் கேட்டது.

“எங்க வீட்டுக்காரரு யாரு வீட்ல சாப்பிட்டாருன்னு யூரின் டெஸ்ட்ல தெரிஞ்சுபோச்சுலா.”

இளையவள் கைப்பேசியை மடியில் வைத்தாள். “என்னக்கா சொல்றீங்க?”

“ஜுருவுல எங்கள மாதிரி பேக்டரி பக்கத்துல இருக்கிறவங்க ஒடம்புல ஆர்சனிக் விஷம் ஏறியிருக்கான்னு பாக்குறாங்க. மூணு நாளைக்கு மீன், எறா தொடக்கூடாது, அளவு தப்பா காட்டும்னாங்க. நானும் பருப்பும் கீரையுமா ஆக்கிப் போட்டேன்.”

“அப்புறம்?”

“அவருக்கு அளவு கூட வந்திருச்சு. நான் அழுதுட்டேன். எந்த வகை ஆர்சனிக்னு மறுபடி பிரிச்சுப் பாத்துட்டு, ‘பயப்படாதீங்க, இது பேக்டரி விஷம் இல்ல, கடல் சாப்பாட்டுல வர்றது, ஒண்ணும் செய்யாது’ன்னு டாக்டரம்மா சிரிக்கிறாங்க.”

“நல்ல செய்திதானேக்கா?”

“என்ன நல்ல செய்தி? அவரு வேலைக்குப் போற சுங்கை பினாங்ல எறா சம்பல் யாரு வைப்பான்னு எனக்குத் தெரியாதா? என்னைக் கட்டுறதுக்கு முன்னாடி அவ பின்னாடிதானே சுத்துனாரு!”

பெர்ரி கரையை நெருங்கியது. இருவரும் எழுந்தார்கள்.

“இந்த டெஸ்ட்ட மாசா மாசம் எடுக்க முடியுமான்னு கேட்டிருக்கேன்.”

“விஷத்துக்குப் பயந்துதானேக்கா?”

“விஷம் கெடக்கு. அவ கையால சாப்பிட்டாரான்னு எனக்குத் தெரியணும்.”