ஐந்தாம் வகுப்பு வினாத்தாளைப் பிரிக்க மாட்டேன்

தலைமை ஏற்று வீற்றிருக்கும் கல்வி அதிகாரி ஐயா அவர்களே! என்மேல் ஒரு கண்ணும் கடிகாரத்தின்மேல் ஒரு கண்ணுமாய் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே! வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல் நேரே வந்து நிற்கும் தந்தையரே! மடியில் பிள்ளையைத் தட்டிக்கொண்டே தலையாட்டும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் வணக்கம்.

'பொதுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி' என்று பேசத்தான் என்னை அழைத்தார்கள். மைக்கை என் கையில் கொடுத்தது அவர்கள் செய்த தவறு! சிரிக்காதீர்கள், தலைமை ஆசிரியருக்கு வியர்க்கிறது.

பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் சர்க்கரை டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினேன். எறும்புகள் தவறாமல் வந்தன. பிள்ளைகள் வந்தார்களா? அப்பாவின் கைப்பேசி லாரியில் ஏறினால் பாடமும் லாரியில் ஏறிப் போனது!

என் வகுப்பில் ஒருத்தி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. திரையில் நான் கேள்வி கேட்டால் போதும், வாய் பாதி திறந்தபடி, இமை கொட்டாமல் சிலையாகிவிடுவாள். "அடடா, நெட் போயிடுச்சு" என்று நான் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். மாதக் கணக்கில் என்னை ஏமாற்றினாள், கள்ளி!

பள்ளி திறந்தது. கரும்பலகை முன்னால் நிறுத்தி ஒரு கழித்தல் கணக்குக் கேட்டேன். அங்கேயும் சிலையாகிவிட்டாள்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியும் அவள் அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் நடிக்கவில்லை, பயந்து உறைந்திருந்தாள். அவளுடைய தோழி எழுந்து போய்த் தோளைத் தொட்டு, "ஏய், நெட் வந்துடுச்சுடி! கடன் வாங்கிக் கழி" என்றாள். வாயாடி கண் கொட்டினாள், கழித்தாள், சரியாகக் கழித்தாள்!

போன மாதம் மாதிரித் தேர்வு. மறுபடி உறைந்தாள். மறுபடி தோழி, "நெட் வந்துடுச்சுடி" என்று கூப்பிட்டாள். வெளியிலிருந்து வந்த மேற்பார்வையாளர், விடை சொல்லிக் கொடுக்கிறாள் என்று இருவர் தாளையும் பிடுங்கினார். இருவருக்கும் பூஜ்யம்! திங்கட்கிழமை நடக்கும் உண்மைத் தேர்வில் பூஜ்யம் வாங்கினால் மறுபடி ஐந்தாம் வகுப்புதான்.

என்ன அண்ணே? பின்னால் இருந்து சத்தமாகக் கேளுங்கள். "அப்போ பரீட்சையே வேணாமா டீச்சர்?" என்கிறார். வேண்டும் அண்ணே! மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கு முதலில் தலையைத் துவட்டுவீர்களா, எடை பார்ப்பீர்களா? பாடத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். கொடுக்காததைக் கேட்க எவருக்கு உரிமை?

பின்தங்கியவர் யார் என்று தெரிய வேண்டாமா என்கிறார் அதிகாரி ஐயா. எனக்குத் தெரியும் ஐயா! யாருக்குக் கூட்டல் தடுமாறும், யாருக்கு எழுத்து நழுவும், எல்லாம் தெரியும். நான் கேட்டது கூடுதலாக ஓர் ஆசிரியர். நீங்கள் அனுப்பியது முத்திரை வைத்த ஒரு வினாத்தாள் கட்டு!

அந்தக் கட்டை நான் பிரிக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து நானே கேட்பேன். தெரியாததைச் சொல்லிக் கொடுப்பேன், மறுபடி கேட்பேன். அதற்காக என் வேலை போகுமா? போகட்டும்! பயந்து நடுங்கிச் சம்பளம் வாங்கிய கையால் அந்தப் பிள்ளையின் தோளைத் தொட எனக்குக் கூசும்.

நேற்று அந்தத் தோழி என்னிடம் வந்தாள். "மிஸ், திங்கக்கிழமை அவ அப்படியே நின்னுட்டா, நான் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணுமா?"

பத்து வயதுப் பிள்ளை கேட்கிறாள் பெரியோர்களே! சும்மா இரு என்று சொல்லவா நான் ஆசிரியை ஆனேன்? சும்மா இரு என்று சொல்லவா நீங்கள் அவளைப் பெற்றீர்கள்?

இவ்வளவு நேரம் மைக்கைப் பிடுங்காமல் பொறுத்த மேடைக்கும், கை வலிக்கத் தட்டிய உங்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதிலை அதிகாரி ஐயா காதுபட ஒருமுறை சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

"கூப்பிடுடி கண்ணு. சத்தமாவே கூப்பிடு."