படகுக்குக் காத்திருக்காத ஆறு பேர்

டப். டப். சிறு இடைவெளி. டப்.

வலப்பக்கத்து மேட்டிலிருந்து வருகிறது. காலுக்கு முன்னே சாலைப் புழுதி எழும்புகிறது. வெள்ளிக்கிழமை. காலை எட்டு பத்து. ஆறு பேர் நாங்கள். ஒருவரிடமும் துப்பாக்கி இல்லை. நாங்கள் படையோடு வந்த கூலியாட்கள். மொரீசியசிலிருந்து வெள்ளைக்காரன் படைக்குச் சாலை போட வந்தவர்கள். தோளில் மண்வெட்டிதான்.

இடப்பக்கம் நாணல். ஆள் உயரத்துக்கு மேல். காற்றில் சரசரக்கிறது.

"கரும்புக்குள்ள ஓடுங்க!"

கத்தியது நான். நாணல் என்று சொல்லவில்லை. கரும்பு என்றேன். அதை முதலில் எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாத்தா காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததற்குப் பாஸ் கேட்டுக் குதிரைப் போலீஸ் வரும். கரும்புக்குள் ஓடுவார்கள். அப்பா காலத்தில் தோட்டத்து மேஸ்திரி, சர்தார், பிரம்போடு வருவான். கரும்புக்குள். நான் பள்ளிக்கு மட்டம் போட்டதும் கரும்புக்குள்தான். இரண்டு சால் தாண்டி, கற்குவியலுக்குப் பின்னால் படுத்தால் போதும். ஒருவனும் கண்டுபிடிக்க மாட்டான்.

ஓடினோம்.

அன்று ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் நின்றோம். அப்போது ஏழு பேர். இக்கரை பாரசீகம். அக்கரை மெசபொத்தேமியா. ஒரு மாதம் பாரசீகப் பக்கம் வேலை செய்துவிட்டு அக்கரை முகாமுக்குத் திரும்புகிறோம். வழி இரண்டு. படகு பதினொரு மணிக்கு. பதினொன்றரைக்கு முகாம். இல்லையென்றால் சாலையில் நடந்து பாலத்தைச் சுற்ற வேண்டும். மூன்று மணி நேர நடை. பத்து மணிக்குப் போய்விடலாம். எதில் வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் துரை குதிரையில் போய்விட்டார். எங்களில் படித்தவன் நான் ஒருவன். பெயர்ப் பட்டியல் என் கையில். அதனால் முடிவும் என் கைக்கு வந்தது.

முகாமில் ஊர்க் கடிதங்கள் வந்திருப்பதாகக் கேள்வி. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. எப்போதுமே தெரிந்ததில்லை.

குட்லண்ட்ஸ் ஊர் வீராசாமி அண்ணனுக்குக் காலில் கொப்புளம். படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் காலு போதும்னுடுச்சு தம்பி. நீங்க நடங்க. நான் துரை மாதிரி படகுல வர்றேன்."

"நீங்க வர்றதுக்குள்ள நாங்க டீ குடிச்சு முடிச்சிருப்போம்."

"எனக்கு ஒரு வாய் வை. சுரினாம்காரன் வண்டலையும் விடமாட்டான்."

சுரினாம்காரன் என்றது, எங்கள் தீவிலேயே சுரினாம் என்ற ஊரைச் சேர்ந்த என் அத்தான் சின்னப்பனை. அக்காவின் கணவர். ஊரில் துண்டு நிலமும் சொந்தக் கரும்பும் உள்ளவர். நான் படைக்குப் பேர் கொடுத்ததால் அவரும் கொடுத்தார். அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா என்று அக்கா என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள்.

"படகுல உக்காந்தே போலாமே மச்சான்," என்றார் அத்தான்.

"ரோட்டோரம் பாருங்க அத்தான். நம்ம ஊரு மாதிரியே இருக்கு. ஏதாச்சும்னா உள்ள பூந்துக்கலாம்."

சிரித்தார். மண்வெட்டியைத் தோளில் எடுத்துப் போட்டார்.

டப்.

மூன்றாவது அடியில் தரை இல்லை. சால் இல்லை. கல் இல்லை. முழங்கால். தொடை. இடுப்பு. பின்னாலிருந்து குரல்.

"பா ஆலே! லாபூ! லாபூ!"

எங்கள் தீவின் கிரியோலில் போகாதே, சேறு. பாம்பூ ஊர்க்காரர் பிலிப்பின் குரல். ஓடாமல் சாலையோரப் பள்ளத்தில் படுத்தவர் அவர் ஒருவர்தான். ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடித்து வளர்ந்தவர். தண்ணீரில் நிற்கும் புல் எது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குக் கரும்புதான் தெரியும்.

டப். பிலிப் தவழ்ந்து வருகிறார். மண்வெட்டிக் காம்பை நீட்டுகிறார். நான் சாலைக்குக் கிட்டே இருந்தேன். பிடித்துக்கொண்டேன். எனக்கு அடுத்து முனியனை இழுத்தோம். அவ்வளவுதான் எட்டியது. ரங்கனும் அவன் தம்பியும் அதற்கும் அப்பால்.

அத்தான் நல்ல ஓட்டக்காரர். எல்லோருக்கும் முன்னால் போயிருந்தார். நாணல் மூடிக்கொண்டது. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"மச்சான், இது கரும்பு இல்லடா."

பிறகு இரண்டு தடவை மச்சான் என்றார். எண்ணினேன். பிறகு காற்றின் சத்தம்.

எட்டு ஐம்பதுக்குச் சுடுவது நின்றது. மொத்தம் பதினொரு வெடி. சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஒரு குண்டுகூட எவர்மேலும் படவில்லை.

வீராசாமி அண்ணன் சொன்னபடி பதினொன்றரைக்கு முகாம் போய்ச் சேர்ந்தார். என் டீ எங்கே என்று கேட்டுக்கொண்டே கூடாரத்துக்குள் நுழைந்தாராம். கூடாரம் காலி. நாங்கள் போனபோது மணி இரண்டு. மூன்று பேர். கடிதக் கட்டில் அக்காவின் கடிதம் இருந்தது. அத்தான் பேருக்கு.

ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. எனக்கு முன்பே வீராசாமி அண்ணன் சுரினாமுக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"படகு இருந்துச்சாமே?"

"இருந்துச்சுக்கா."

உள்ளே போய்விட்டாள். தினமும் சோறு போடுகிறாள். சாப்பிடுகிறேன்.

இப்போது அறுப்பு. அத்தானின் கத்தியை எடுத்துக்கொண்டு அக்காவே கரும்புக்குள் போகிறாள். நான் வெளியே நின்று வண்டியில் கட்டு ஏற்றுகிறேன். காற்றடித்தால் அதே சரசரப்பு. உள்ளே கால் வைக்க முடியவில்லை. வா என்று அவளும் கூப்பிடுவதில்லை.

கணக்கு இது. மறந்துவிடாதீர்கள். ஆற்றங்கரையில் நின்றவர் ஏழு. படகில் ஒருவர். முழுசாக வந்தார். சாலையில் ஆறு. திரும்பாதவர்: சின்னப்பன், சுரினாம். ரங்கன், கோவிந்தன், அண்ணன் தம்பி, குட்லண்ட்ஸ். உடல் மூன்றும் கிடைக்கவில்லை. சேற்றோடு போனது: மண்வெட்டி ஐந்து. என் பூட்ஸ் ஒரு ஜோடி. பெயர்ப் பட்டியல் ஒன்று.

நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது ஒன்றரை மணி நேரம்.